நீலகிரிக் காட்டை நான்கு பருவத்திலும் நேரில் நின்று வரைய: முதன்முறை போகிறவர்களுக்கு

மலையேறிப் போய்க் காட்டை நேரில் வரைய ஆசைப்படுகிறவர்களை முதலில் மடக்குவது அனுமதி. அடுத்தது ஈரம். எனக்கு இரண்டும் நடந்தன. ஓவியம் வரையக் காட்டுக்குள் போகலாமா என்று கேட்டு ஓர் அலுவலகத்தில் மனு கொடுத்தேன். அங்கிருந்து இன்னொரு மேசைக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து வேறோர் ஊருக்கு. யாரும் மறுக்கவில்லை, ஆனால் யாரிடமும் அதற்கான படிவமும் இல்லை. கையில் கடிதம் வந்து சேர்வதற்குள் நான் வரைய நினைத்த ரோடோடெண்ட்ரான் பூக்கள் உதிர்ந்துவிட்டன. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

நீலகிரி மாவட்டத்தை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். கொடைக்கானலுக்கும் வால்பாறைக்கும் பெரும்பகுதி பொருந்தும். ஊசியிலைக் காடு, இலையுதிர்காலம் என்று இணையத்தில் கிடைக்கும் பாடங்கள் எல்லாம் குளிர்நாடுகளுக்கானவை. நம் மலைக்கு அவை உதவாது. இங்கே பருவம் மாறுவது மழை எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை வைத்துத்தான்.

1. ஒரே இடத்தைத் தேர்ந்தெடுங்கள், அதுவும் காட்டின் ஓரமாக

நான்கு பருவத்துக்கும் நான்கு இடம் போக வேண்டாம். ஒரே இடத்துக்கு நான்கு முறை போங்கள். அதே மரங்களை டிசம்பரிலும் ஜூலையிலும் வரைந்தால்தான் பருவம் என்ன செய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும். காகித வேலையும் பாதியாகக் குறையும், ஏனென்றால் இரண்டாவது முறை போகும்போது அங்குள்ள வனக்காப்பாளருக்கு உங்களைத் தெரிந்திருக்கும்.

சோலை என்பது மலைப் பள்ளங்களில் நெருங்கி வளரும் இயற்கையான பசுமைமாறாக் காடு. அதற்குள் நுழைந்துதான் வரைய வேண்டும் என்று நினைக்காதீர்கள். உள்ளே பகலிலும் இருட்டு. பத்தடிக்கு மேல் பார்வை போகாது, காகிதத்தில் வைத்த நிறம் என்னவென்றே தெரியாது. சோலையும் புல்வெளியும் சந்திக்கும் ஓரத்தில் நின்றால் காட்டின் முழு உருவமும் கிடைக்கும். மரங்கள் உயரம் குறைந்து, உச்சி உருண்டு, ஒன்றோடொன்று நெருங்கி, காலிஃபிளவரை அடுக்கி வைத்தது போல இருக்கும். அந்த உருண்டைகளுக்கு நடுவே விழும் நிழல்தான் ஓவியம்.

தொடங்குவதற்கு ஏற்ற இடங்களைச் சொல்கிறேன்.

நுழைவுச்சீட்டு மட்டும் போதும் என்றால் உதகை அரசு தாவரவியல் பூங்காவும் (1848), குன்னூர் சிம்ஸ் பூங்காவும் (1874). பூங்காதானே என்று ஒதுக்க வேண்டாம். இரண்டுமே சரிவில் அமைந்தவை, பழைய பெரிய மரங்கள் உள்ளவை. முதல் பயணத்தில் கைப்பழக்கத்துக்கு இவை போதும்.

அடுத்த படி, வனத்துறை கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை விடும் இடங்கள். உதகைக்கு அருகில் உள்ள கேர்ன் ஹில் அப்படிப்பட்டது. சைப்ரஸ் மரங்களுக்கு இடையே நடைபாதை இருக்கிறது, வார நாளில் கூட்டமும் குறைவு. தொட்டபெட்டா சிகரத்தில் (2,637 மீட்டர்) காட்சி நன்றாக இருந்தாலும் உட்கார விடாத அளவுக்குக் கூட்டம். நான் அங்கே வரைவதை விட்டுவிட்டேன்.

உண்மையான சோலை வேண்டுமென்றால் கோத்தகிரி லாங்வுட் சோலை. ஏறத்தாழ 116 ஹெக்டேர் பரப்பு, உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் 2024இல் சேர்ந்தது. ஊரை ஒட்டியே இருப்பதால் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோவில் போய்விடலாம். காப்புக்காடு என்பதால் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. சாலையோரம் நீங்கள் பார்க்கும் மரத்தோப்பெல்லாம் சோலை இல்லை. சீகை (வாட்டில்), கற்பூர மரம் (யூகலிப்டஸ்), பைன் எல்லாம் வெளியிலிருந்து கொண்டுவந்து நட்டவை. கற்பூர மரம் வரைய அழகானதுதான், அந்தச் சாம்பல் நீலம் வேறெதிலும் வராது. ஆனால் பருவ மாற்றத்தைப் பார்க்க வந்தவருக்கு அதில் கிடைப்பது குறைவு.

2. அனுமதி: யாரிடம், எப்படி, எத்தனை நாள் முன்னால்

நிலம் யாருடையது என்பதை முதலில் விசாரியுங்கள். மலையில் ஒரே வளைவில் நின்றால் இடப்பக்கம் காப்புக்காடாகவும் வலப்பக்கம் தனியார் எஸ்டேட்டாகவும் எதிரே டான்டீ என்ற அரசு நிறுவனத்தின் தேயிலைத் தோட்டமாகவும் இருக்கும். எஸ்டேட் என்றால் மேலாளரிடம் நேரில் கேளுங்கள். ஓவியப் பலகையையும் பழைய ஓவியம் ஒன்றையும் காட்டினால் பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். மருந்து தெளிக்கும் நாளா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

காப்புக்காடு என்றால் அனுமதி இல்லாமல் கால் வைப்பதே 1882ஆம் ஆண்டுத் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். புலிகள் காப்பகம், சரணாலயம் என்றால் 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம். அதன் 28ஆம் பிரிவு எந்தெந்தக் காரணத்துக்கு நுழைவு அனுமதி கொடுக்கலாம் என்று பட்டியலிடுகிறது: வன உயிரின ஆய்வு, புகைப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, உள்ளே குடியிருப்பவர்களோடு முறையான அலுவல். ஓவியம் என்று அதில் தனியாக எதுவும் இல்லை. நான் அலைந்ததற்குக் காரணமே இதுதான். இல்லாத ஒரு பிரிவில் அனுமதி கேட்டால் எந்த அதிகாரியும் தயங்கத்தான் செய்வார். ‘சுற்றுலா’ என்ற பிரிவில் கேளுங்கள், அங்கே என்ன செய்வீர்கள் என்பதை அடுத்த வரியில் எழுதுங்கள்.

மனு மாவட்ட வன அலுவலருக்கு. நகல் அந்தப் பகுதி வனச்சரக அலுவலருக்கு. முதுமலை என்றால் புலிகள் காப்பகத்துக்குத் தனி அலுவலகம் உண்டு, அங்கேதான் கேட்க வேண்டும். மனுவில் இவை இருக்கட்டும்:

- பெயர், முகவரி, கைபேசி எண், ஆதார் நகல், எத்தனை பேர் என்ற விவரம்
- இடத்தின் பெயர், தேதி, மாற்றுத் தேதி ஒன்று, காலை எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை
- கொண்டுபோகும் பொருள்கள்: காகிதப் பலகை, நீர்வண்ணம், மடக்கு ஸ்டூல், குடை
- ட்ரோன் இல்லை, படப்பிடிப்பு இல்லை, தீ மூட்டமாட்டோம், செடி கொடி எடுக்கமாட்டோம் என்ற உறுதி
- வழிகாட்டியோ வேட்டைத் தடுப்புக் காவலரோ உடன் வந்தால் அதற்கான கட்டணத்தைச் செலுத்தச் சம்மதம்

படப்பிடிப்பு இல்லை என்பதை மறக்காமல் எழுதுங்கள். சினிமா வேலை என்று எடுத்துக்கொண்டால் கட்டணமும் நடைமுறையும் தலைகீழாக மாறிவிடும்.

குறைந்தது ஒரு மாதம் முன்னால் அனுப்புங்கள். மின்னஞ்சல் மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். பதிவுத் தபாலிலும் அனுப்பி, ஒரு வாரம் கழித்துத் தொலைபேசியில் கேட்டு, மனு எந்தப் பிரிவில் இருக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அனுமதி வந்ததும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று சரக அலுவலகத்தில், ஒன்று சோதனைச் சாவடியில், ஒன்று உங்கள் பையில். கைபேசியில் இருக்கிறது என்று நம்பிப் போனால் சோலை ஓரத்தில் சிக்னல் இருக்காது.

இவ்வளவு தூரம் போக விருப்பமில்லை என்றால் இன்னொரு வழி உண்டு. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் மாநிலம் முழுவதும் 40 மலைப்பாதைகளுக்கு இணையத்தில் முன்பதிவு செய்யலாம். வழிகாட்டியோடு போவதால் தனி அனுமதி தேவையில்லை. ஆனால் குழுவோடு நடந்துகொண்டே இருக்க வேண்டும், நீங்கள் உட்கார்ந்து வரைய அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். பாக்கெட் நோட்டில் பென்சில் குறிப்பு எடுக்க மட்டுமே நேரம் கிடைக்கும். இடம் பார்த்து வைக்க நல்ல வழி, வரைவதற்கு இல்லை.

3. இ-பாஸ், பயணம், அறை

உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வண்டியில் போக இ-பாஸ் வேண்டும். இலவசம். பணம் கேட்கிற இணையதளம் எதுவானாலும் அது அரசுடையது இல்லை, மூடிவிடுங்கள். 2025 கோடையில் ஒரு நாளைக்கு நீலகிரிக்குள் வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று வரம்பு வைத்தார்கள். கடைசி நேரத்தில் பாஸ் கிடைக்காமல் போவது அப்படித்தான்.

அரசுப் பேருந்தில் போனால் இந்தத் தொல்லையே இல்லை. நான் பேருந்தைத்தான் சொல்வேன். மேட்டுப்பாளையத்திலிருந்து உதகைக்கும் கோத்தகிரிக்கும் அடிக்கடி வண்டி உண்டு, கட்டணம் நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். மலை ரயில் அழகுதான், ஆனால் 46 கிலோமீட்டர் ஏற அரை நாள் ஆகிவிடும். வடகிழக்கு மழையில் மண் சரிந்தால் ரத்தும் ஆகும். வரைகிற பயணத்தில் அதை நம்பாதீர்கள்.

எண்ணெய் வண்ணத்தைக் கரைக்கும் டர்பன்டைனை ரயிலிலோ பேருந்திலோ கொண்டுபோகக் கூடாது. எளிதில் தீப்பற்றும் பொருளை ரயிலில் எடுத்துச் செல்வது ரயில்வே சட்டப்படி தண்டனைக்குரியது. எண்ணெய் வண்ணக்காரர்கள் இதைக் கவனிக்காமல் வந்து மாட்டிக்கொள்கிறார்கள்.

சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலைப் பறிமுதல் செய்வார்கள். எவர்சில்வர் பாட்டில் இரண்டு எடுத்துப் போங்கள், ஒன்று குடிக்க, ஒன்று தூரிகை கழுவ.

அறை வாடகை மாதத்துக்கு மாதம் மாறும். ஏப்ரல், மே மாதங்களில் இரண்டு மூன்று மடங்கு. செப்டம்பர், அக்டோபரில் இரண்டாவது சீசன் என்று கொஞ்சம் ஏறும். பொங்கல் விடுமுறை முடிந்ததிலிருந்து பிப்ரவரி வரையும், ஜூலையிலும், வார நாளில் ஆயிரம் ரூபாய் சுற்றுவட்டத்தில் எளிய அறை பேசி முடிக்கலாம். பேசும்போது ஒன்றை மட்டும் கேளுங்கள்: ஈரக் காகிதத்தை விரித்துவைக்க மேசையும், வெயில் படும் சன்னலும் இருக்கிறதா?

4. பையில் என்ன வைப்பது, எவ்வளவு செலவு

நீர்வண்ணமும் குவாஷும் (அடியில் உள்ளதை மறைக்கும் கெட்டியான நீர்வண்ணம்) போதும். காட்டுக்கு எண்ணெய் வண்ணம் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிப் போட்டால் அதுவாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். கோடையில் காய்ந்த புல்வெளியில் அந்த ஆபத்தை யாரும் எடுக்கக் கூடாது.

செலவில் கை வைக்கக் கூடாத ஒரே பொருள் காகிதம். 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்), முழுப் பருத்தி. ஏ4 அட்டைக்கட்டு ஒன்று ஆயிரம் ரூபாய் வரை ஆகலாம். ஒவ்வொரு தாளையும் இரண்டாக வெட்டுங்கள், காட்டில் ஏ5க்கு மேல் வேண்டாம், கைக்குள் அடங்கும் அளவுதான் இரண்டு மணி நேரத்தில் முடியும். மலிவான மரக்கூழ்க் காகிதம் சமவெளியில் சமாளிக்கும். மஞ்சு (மூடுபனி) இறங்கும் இடத்தில் ஊறி, அலை அலையாகத் தூக்கிக்கொள்ளும்.

வண்ணத்துக்குக் கேம்லின் ஆர்ட்டிஸ்ட் வகை டியூப் போதும், மாணவர் வகை வேண்டாம். எட்டு நிறம்: லெமன் எல்லோ, எல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, லைட் ரெட், ஒரு குளிர்ந்த சிவப்பு, அல்ட்ராமரின், பிரஷ்யன் நீலம், வெள்ளை குவாஷ். குளிர்ந்த சிவப்புக்குப் பழைய அலிசரின் கிரிம்சனை வாங்காதீர்கள், வெளிச்சத்தில் வெளிறிவிடும். குவினாக்ரிடோன் என்று டியூபில் போட்டிருப்பதைப் பாருங்கள். பச்சை டியூப் எதுவும் வேண்டாம். காரணம் ஐந்தாவது பகுதியில்.

ஓவியத் தாங்கி வாங்க ஐந்தாயிரம், பத்தாயிரம் செலவழிக்க வேண்டியதில்லை. கேமரா ட்ரைபாட் வீட்டில் இருந்தால் தச்சரிடம் சொல்லி ஒரு சின்னப் பிளைவுட் பலகையின் அடியில் அதற்கான நட்டைப் பதிக்கச் செய்யுங்கள். சில நூறு ரூபாயில் வேலை முடியும். குடை கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ இருக்கட்டும். சிவப்புக் குடையின் கீழ் காகிதமே சிவந்து தெரியும், நீங்கள் கலக்கும் பச்சை எல்லாம் தவறிவிடும்.

இவற்றோடு மாஸ்கிங் டேப், பழைய பருத்தித் துணி, பென்சில், சிலிக்கா ஜெல் பொட்டலங்கள், காற்றுப் புகாத டப்பா. எல்லாம் சேர்த்து நாலாயிரம், ஐந்தாயிரம் ரூபாய்க்குள் தொடங்கிவிடலாம்.

5. பருவம் பருவமாக

பனி (டிசம்பர் முதல் பிப்ரவரி வரை). புதியவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும். வானம் தெளிவு, காற்று உலர்ந்தது, காகிதம் சொன்னபடி கேட்கும். விடியலில் பள்ளத்தாக்குப் புல்லில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் தேங்குகிறது, அதனால் கீழே வெள்ளை, மேட்டில் சோலை கறும்பச்சை என்று இரண்டு பட்டையாகத் தெரியும். அந்த வெள்ளையில் விழும் நிழல் நீலம். சாம்பல் பூசிவிடாதீர்கள், அல்ட்ராமரினை நிறையத் தண்ணீரில் கரைத்துத் தைரியமாக வையுங்கள்.

வெயில் பட்டதும் உறைபனி கண்முன்னே கரைந்துவிடும். எனவே முந்தைய நாளே அங்கே போய்ப் பென்சில் கோடுகளைப் போட்டுவைத்து, காலையில் நிறத்தை மட்டும் வைக்க வேண்டும். உறைநிலையில் வாஷ் (தண்ணீர் நிறையச் சேர்த்துப் பரப்பும் நிறப்பூச்சு) காயாது. காகிதத்தின் மேலேயே இறகு இறகாக உறைந்து, பிறகு உருகி ஓடும். பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுபோய் அதைத் தொட்டு வரையுங்கள். விரல் நுனி மட்டும் திறந்த கையுறை அவசியம். ரோடோடெண்ட்ரான் சிவப்பாகப் பூப்பதும் இந்தக் குளிரோடுதான் தொடங்கும்.

கோடை (மார்ச் முதல் மே வரை). தீக்காலம். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை மலைப்பாதைகளை மூடுவது வழக்கம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த தீ விபத்துக்குப் பிறகு இதில் யாரும் தளர்வு காட்டுவதில்லை, காட்டவும் கூடாது. இந்த மாதங்களுக்கு அனுமதி கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். பூங்காவோ எஸ்டேட்டோதான் வழி.

ஆனால் சோலையின் மிக அழகான நிறம் இப்போதுதான் வருகிறது. நாவல் இன மரங்களும் வேறு பலவும் செந்தளிர் விடும். தூரத்திலிருந்து பார்த்தால் கறும்பச்சைக்கு நடுவே செம்பும் இளஞ்சிவப்பும் திட்டுத்திட்டாகத் தெரியும். முதலில் தளிரின் நிறத்தை வையுங்கள்: லைட் ரெட்டில் துளி ஓக்கர். அது ஈரமாக இருக்கும்போதே ஓரத்தில் பச்சையைத் தொட்டுவிட்டால் இரண்டும் தாமாகவே கலந்து பழுப்பாகும், அதுதான் தளிருக்கும் முற்றிய இலைக்கும் இடைப்பட்ட நிறம். பச்சையை முதலில் பூசிவிட்டு அதன்மேல் சிவப்பு வைத்தால் சேறாகிவிடும்.

இந்த இடத்தில் பச்சை டியூப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டியூபிலிருந்து வரும் பச்சை எல்லா மரத்தையும் ஒரே மரமாக்கிவிடும். பிரஷ்யன் நீலத்தோடு பர்ன்ட் சியன்னா சேர்ந்தால் சோலையின் உள்நிழல். அல்ட்ராமரினோடு ஓக்கர் சேர்ந்தால் வெயில் படாத உச்சி. பிரஷ்யன் நீலம் ஒரு துளி, லெமன் எல்லோ நிறைய என்றால் வெயில் படும் உச்சி. மரப்பட்டையில் படர்ந்திருக்கும் பாசிக்காளானுக்கு (லைக்கன்) வெள்ளை குவாஷோடு அந்த இரண்டாவது கலவையில் கொஞ்சம். நான்கே கலவையில் முழுக் காடும் அடங்கும்.

இலையுதிர் காடு வேண்டுமென்றால் கீழே மசினகுடிப் பக்கம் போங்கள். தேக்கு இலை கொட்டி நிற்கும், பலாசு பிப்ரவரி, மார்ச்சில் நெருப்பு நிறத்தில் பூக்கும். அங்கே விடுதித் திண்ணையிலோ மொட்டை மாடியிலோ உட்கார்ந்து மட்டும் வரையுங்கள். முதுமலைக் காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்துவதும் இறங்குவதும் தடை, அபராதம் உண்டு. இரவு 9 முதல் காலை 6 வரை போக்குவரத்தும் இல்லை. வெயிலில் வாஷ் நொடியில் காய்ந்து கறை கட்டும். காகிதத்தின் இரண்டு பக்கமும் நனைத்துவிட்டுத் தொடங்கினால் கொஞ்சம் தாங்கும்.

மே மாதம் மலைக்கே வராதீர்கள். மலர்க் கண்காட்சி, ஒருவழிச் சாலை, அறை வாடகை என்று பணமும் நேரமும் போகும், உட்கார ஓர் இடம் கிடைக்காது.

தென்மேற்கு மழை (ஜூன் முதல் செப்டம்பர் வரை). இந்த மழை மேற்கிலிருந்து ஏறி வருகிறது. கூடலூர், குந்தா, அவலாஞ்சிப் பக்கம் கொட்டித் தீர்க்கும். 2019 ஆகஸ்ட் 8 அன்று அவலாஞ்சியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பதிவானது. அதே நேரத்தில் கிழக்கே குன்னூர், கோத்தகிரியில் தூறலும் மஞ்சுமாகத்தான் இருக்கும். ஜூலையில் கிழக்கே இருங்கள், அக்டோபர், நவம்பரில் மேற்கே நகருங்கள். இந்த ஒரு வரி தெரிந்திருந்தால் பல பயணங்கள் வீணாகாது. அதனால்தான் நிலையான இடமாகக் கோத்தகிரியைப் பரிந்துரைக்கிறேன், அங்கே பன்னிரண்டு மாதத்தில் வரையவே முடியாத நாட்கள் அக்டோபர் கடைசியிலிருந்து ஐந்தாறு வாரம்தான்.

மஞ்சில் நீர்வண்ணம் வேறு மாதிரி நடந்துகொள்ளும். வைத்த வாஷ் அரை மணி நேரம் ஆனாலும் பளபளவென்று ஈரமாகவே இருக்கும். விரலால் தொட்டால் சில்லென்று ஒட்டும். அதன்மேல் இரண்டாவது பூச்சு வைத்தால் முதலாவது கிளம்பி வந்துவிடும். காய்வதற்குக் காத்திருக்காமல் ஈரத்திலேயே முடிக்கும்படி வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். தூரத்து மரங்களை முதலில், நீர்த்த நிறத்தில். அது பாதி உறிஞ்சியதும் நடுவில் உள்ளவை, சற்றுக் கெட்டியாக. கடைசியில் அருகில் இருக்கும் ஒரே ஒரு மரம், தூரிகையில் தண்ணீரே இல்லாத அளவுக்குக் கெட்டியான நிறத்தில். மஞ்சை வரைய வெள்ளை வேண்டாம், விட்டுவைத்த காகிதமே மஞ்சு. இதுவும் முடியாத நாளில் கரித்துண்டும் பழுப்புக் காகிதமும் எடுங்கள்.

காகிதத்துக்கு இந்த மாதங்களில் ஒரு நோய் வரும். மேலிருக்கும் பசைப்பூச்சு ஈரத்தில் கெட்டு, நிறம் மை உறிஞ்சும் தாளில் விழுந்தது போல இறங்கிவிடும். பழுப்புப் புள்ளிகளும் தோன்றும். அந்தத் தாளைச் சரிசெய்ய முடியாது. எனவே அன்றைக்குத் தேவையான தாளை மட்டும் வெளியே எடுங்கள், மீதி சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் இருக்கட்டும். வண்ணத் தட்டையும் ஈரத்தோடு மூடாதீர்கள், இரண்டே நாளில் பூஞ்சை படரும்.

வடகிழக்கு மழை (அக்டோபர், நவம்பர்). குன்னூர், கோத்தகிரிச் சாலைகளில் மண்சரிவு நடக்கும் காலம். வானிலை மையம் ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள், சுற்றுலா இடங்களை எப்படியும் மூடிவிடுவார்கள். மழை விட்ட மறுநாள் காலை மட்டும் தவறவிடாதீர்கள். ஆண்டிலேயே காற்று இவ்வளவு கழுவப்பட்டு இருக்கும் நாள் வேறில்லை, எதிர்மலையில் ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரியும்.

6. இடத்துக்குப் போன பிறகு

ஏழரைக்குள் உட்கார்ந்துவிடுங்கள். வெளிச்சம் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஒரே மாதிரி இருக்கும், பிறகு நிழல் இடம் மாறிவிடும். முதல் பத்து நிமிடம் நிறத்தைத் தொடாதீர்கள். தீப்பெட்டி அளவுக்கு ஒரு கட்டம் போட்டு, பென்சிலால் மூன்றே தொனி: வெள்ளை, நடுத்தரம், கறுப்பு. எங்கே நிழல் விழுந்திருக்கிறது என்பது அதில் பதிவாகிவிட்டால், பிறகு வெயில் மாறினாலும் நீங்கள் மாற வேண்டியதில்லை. மேகம் வந்து வெளிச்சம் போனதும் ஓவியத்தை அதற்கேற்ப மாற்றத் தொடங்குவதுதான் காட்டில் எல்லாரும் விழும் குழி.

காகிதத்தின் மேல் நேர்வெயில் படக் கூடாது. கண் கூசுவதால் நிறத்தை அளவுக்கு மேல் கறுப்பாக்கிவிடுவோம், அறைக்குள் வந்து பார்த்தால் ஓவியம் இருண்டு கிடக்கும்.

ஒன்பதரைக்கு நிறுத்துங்கள். முடியாவிட்டால் மறுநாள் அதே நேரத்தில் தொடரலாம்.

7. காட்டுமாடு, கரடி, அட்டை

வரைகிறவர் அசையாமல் இருப்பார், காது கேட்பதும் குறையும். இது காட்டில் ஆபத்து. தனியாகப் போகவே போகாதீர்கள். உடன் வருபவர் வரையாதவராக இருக்க வேண்டும், உங்களுக்குப் பின்னால் பார்ப்பது அவர் வேலை. காட்டுமாடு தேயிலைத் தோட்டத்திலேயே மேயும். அமைதியாகத்தான் தெரியும், நெருங்கினால் பாயும். அது வருகிற திசையில் உங்கள் சாமான் இருந்தால் சாமானை விட்டுவிட்டு விலகுங்கள்.

குன்னூர், கோத்தகிரிப் பக்கம் கோயில் விளக்கில் ஊற்றிய எண்ணெயைத் தேடிக் கரடி வருவதை ஊரில் எல்லாரும் அறிவார்கள். எண்ணெயோ தின்பண்டமோ திறந்து வைக்காதீர்கள். மாலை நான்கு மணிக்கு மேல் சோலை ஓரத்தில் இருக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் அட்டை ட்ரைபாட் காலிலும் ஏறி வரும். பேன்ட்டைக் காலுறைக்குள் விட்டு, அதன்மேல் உப்பும் வேப்பெண்ணெயும் கலந்து தடவிக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்காதீர்கள், நகத்தால் ஓரத்தை நெம்பினால் விட்டுவிடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிற்காது, பயப்பட ஒன்றுமில்லை.

தூரிகை கழுவிய தண்ணீரை ஓடையிலோ புல்லிலோ கொட்டாதீர்கள். சில நிறமிகள் நச்சுள்ளவை. பாட்டிலை மூடி அறைக்குக் கொண்டுவந்துவிடுங்கள்.

8. திரும்பி வந்ததும்

ஓவியங்களை இரண்டு நாள் சமவெளிக் காற்றில் காயவிட்டு, பிறகு அடுக்குங்கள். மலையில் காய்ந்தது போலத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். ஒவ்வொன்றின் பின்னாலும் தேதி, நேரம், எந்தத் திசை பார்த்து உட்கார்ந்தீர்கள், பயன்படுத்திய கலவை ஆகியவற்றைப் பென்சிலில் எழுதுங்கள். அடுத்த பருவத்தில் அதே கல்லின் மேல் போய் உட்கார இதுதான் உதவும்.

அதே வாரத்தில் அடுத்த பருவத்துக்கான மனுவையும் அனுப்பிவிடுங்கள். முதல் அனுமதிக் கடிதத்தின் நகலை இணைத்து, எந்தத் தேதியில் போய் எத்தனை மணிக்கு வெளியே வந்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். வரைந்ததில் ஒன்றின் அச்சுப் பிரதியைச் சரக அலுவலகத்துக்குக் கொடுத்தேன், அடுத்த முறை அங்கே நான் யார் என்று விளக்க வேண்டியிருக்கவில்லை. பனிக்காலத்துக்கு நவம்பர் முதல் வாரத்திலும், தென்மேற்கு மழைக்கு மே முதல் வாரத்திலும் மனு போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.